கழிவுநீருக்குக் கட்டணம்

தமிழிலே கட்டணம், வரி, தண்டம் என மூன்று சொற்கள் உள. பெற்ற சேவைக்கு ஈடாகக் கொடுப்பது கட்டணம். பொதுச் செலவுக்காக எல்லாரும் இறுப்பது வரி. செய்யத்தகாததைச் செய்தமைக்காகச் செலுத்துவது தண்டம். மாணவர் கட்டுரைகளில் இவை ஒன்றன் இடத்தில் ஒன்று புகுந்துவிடின் சிவப்பு மையாற் சுழித்துவிடலாம். உள்ளூராட்சி மன்றம் ஒன்று இவற்றை மயக்கிக்கொள்ளுமாயின் திருத்துவது அத்துணை எளிதன்று. தொழிற்சாலைக் கழிவுநீருக்கு மன்றங்கள் பணம் அறவிடும் முறையில் இம்மயக்கம் நேராதிருக்கவேண்டும் என்பதே ஈண்டு யாம் கூறவந்தது. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என வினவும் பழைய மாணவர்க்கு விடை சுருக்கமானது: யாமும் கிணற்றுநீர் குடிப்பவரே.

இக்கட்டணத்தை முறைப்படி கணக்கிட்ட நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. இலண்டனுக்கு மேற்கே மொக்டன் என்னுமிடத்தில் மிடில்செக்ஸ் கவுண்டி சபை அமைத்த பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1936 இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, 1937 இல், தொழிற்சாலைகள் தம் கழிவுநீரை மன்றத்தின் இசைவு பெற்றுப் பொதுக் குழாயில் விடலாம் என்றும், அதற்கு மன்றம் நிபந்தனையும் கட்டணமும் விதிக்கலாம் என்றும் சட்டம் பிறந்தது. முன்னரே கழிவுநீர் விட்டுவந்த பழைய தொழிற்சாலைகளுக்கோ பெருஞ்சலுகை கிடைத்தது. புதியவர் பணங் கட்டப் பழையவர் கட்டாதிருந்த அந்நீதி 1961 இன் சட்டத்தாற்றான் மாறியது. சலுகை கொடுப்பது ஒரு நாள் வேலை. அதை மீளப் பெறுவது ஒரு தலைமுறை வேலை.

எவ்வளவு அறவிடுவது என்னும் வினாவுக்கு விடையாக எழுந்ததே மொக்டன் சூத்திரம். இலக்கணச் சூத்திரங்களோடு காலங் கழிக்கும் எமக்கு இச்சூத்திரத்தின் சுருக்கம் பிடித்திருக்கின்றது. அதற்கு நான்கு உறுப்புக்கள். நீரைக் குழாயில் ஏற்றுக் கொண்டுசெல்லும் செலவு ஒன்று. அதனைத் தேக்கி முதற்கட்டச் சுத்திகரிப்புச் செய்யும் செலவு மற்றொன்று. இவ்விரண்டும் நீரின் கன அளவைப் பொறுத்தவை. மூன்றாவது, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கை அழிக்கும் செலவு. இது அந்நீருக்கு வேண்டிய ஒட்சிசன் சாதாரண நகரக் கழிவுநீருக்கு வேண்டியதிலும் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது. நான்காவது, மிதக்கும் திண்மப்பொருளால் விளையும் மண்டியை அகற்றும் செலவு. இதுவும் அவ்வாறே மடங்கு பார்த்துக் கணக்கிடப்படும். போத்தல் கழுவும் சாலையொன்றும் பாற்பண்ணையொன்றும் நாளொன்றுக்கு 100 கனமீற்றர் வீதம் நீர் விடுகின்றன என்க. முன்னையதன் செறிவு நகரக் கழிவுநீரின் பாதி, பின்னையதன் செறிவு ஆறு மடங்கு எனின், முதலிரண்டு உறுப்புக்களிலும் இருவரும் ஒத்த தொகையே செலுத்துவர். மூன்றாவதிலோ பாற்பண்ணை பன்னிரு மடங்கு செலுத்தும்.

இதன் நுட்பம் இன்னுமொன்று. ஓர் இலீற்றரில் இத்தனை மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என மட்டும் விதித்தால், சூழ்ச்சிக்காரன் நல்ல நீரை இறைத்துக் கலந்து, எல்லைக்குள் வந்துவிடுவான். அழுக்கில் ஓர் அணுவும் குறைந்திராது. கன அளவுக்கு மட்டும் பணம் வாங்கினால், குறைந்த நீரிலே கொடிய நஞ்சைக் கரைத்து விடுவான். அளவையும் செறிவையும் பெருக்கிப் பார்த்தால் இவ்விரு வாயிலும் அடைபடும். நன்னீர் அருகிய எம் குடாநாட்டில், கழிவை ஐதாக்குவதற்கென்று கிணறு இறைப்பது இரட்டைக் குற்றமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கிலாந்தில் 1974 ஆம் ஆண்டோடு இப்பணி உள்ளூர் மன்றங்களை விட்டு நீங்கிப் பிரதேச நீர் அதிகார சபைகளிடம் சென்றது. 1989 இல் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. சூத்திரம் மட்டும் மாறவில்லை.

ஆயினும் அச்சூத்திரத்தை அப்படியே இங்கு பெயர்த்து நட முயல்வோர் ஒன்றை மறத்தலாகாது. அதன் நான்கு உறுப்புக்களும் மன்றம் செய்யும் வேலைக்கான செலவுகள். குழாயும் நிலையமும் இருப்பதனாலேயே அது கட்டணம். யாழ்ப்பாணத்திலோ வீதிக்கடியிற் பொதுக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. காலமெல்லாம் ஓடும் ஆறுமில்லை. தொழிலகத்தின் பின்புறக் குழியில் விடும் நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களூடே அயலவன் கிணற்றுக்குச் செல்கின்றது. இதற்கு மன்றம் பணம் பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுக்குமாயின், எந்தச் சேவைக்கு? குழி வெறிதாக்கப் பவுசர் அனுப்பும் மன்றம் பெறுவது கட்டணம். அயலவன் கிணற்றை விற்றுப் பெறுவதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு. மலரிலே அதனை எழுதல் தகாது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை யாரும் மறந்திரார். அவ்வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம், மின்னிலையம் நடத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அழுக்காக்கியவனே செலவைத் தாங்கவேண்டும் என்னும் நெறி அங்கே நிலைநாட்டப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. ஆனாற் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய எண்ணெயைத் தீர்ப்பு உறிஞ்சி எடுக்கமாட்டாது.

1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ், சிறுதரத் தொழில்கள் சிலவற்றுக்கான உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டது. இது சிறு அதிகாரமன்று. இவ்வுரிமத்துக்குப் பெறும் பணம் பரிசோதகரின் வரவுக்கும் நீர்மாதிரியின் பகுப்புக்குமே செலவாதல் வேண்டும். பொது வருமானத்தில் அதனைக் கரைத்துவிட்டால் பரிசோதனை பெயரளவில் நின்றுவிடும். மாதிரியும், முன்னறிவித்த காலை வேளையில் ஒரு போத்தலாக அன்றி, அறிவியாத நாட்களிற் பலமுறை எடுக்கப்படல் வேண்டும். சிறுதொழில் நசிந்துபோகும் என்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. வாகனங் கழுவும் நிலையமொன்று தனக்கெனச் சுத்திகரிப்புச் சாலை கட்ட இயலாது. சில மன்றங்கள் ஒன்றுகூடிப் பொதுச் சாலையொன்று அமைத்து, பவுசரில் ஏற்றிவரும் கழிவை அளந்து, செறிவு பார்த்துப் பணம் பெறட்டும். அன்று மொக்டன் சூத்திரம் இங்கும் பொருந்தும்.

எம் கல்லூரியிற் பயின்று இன்று மன்றங்களில் அங்கத்தவராயும் செயலாளராயும் அமர்ந்திருப்போர் பலர். உரிம விண்ணப்பத்தில் நீர் எத்தனை கனமீற்றர், செறிவு யாது, இறுதியில் எங்கே போகின்றது என மூன்று வினாக்கள் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளனவா என அவர்கள் அடுத்த கூட்டத்திற் கேட்பாராக. மூன்றாவது வினாவுக்கு, சுத்திகரியாமலே நிலத்துக்குள் என்று விடை வருமாயின், அவ்விண்ணப்பம் காசாளரின் சாளரத்துக்குப் போகவே கூடாது.