பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகு

மொழிக்கழக இதழில் ரேடாரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவம் உயர்த்தும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் மாமா கேட்ட ஒரு கேள்வியால் எழுந்த கட்டுரை.

மாமா கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்கிறார். பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகளை ஏற்றிச் செல்லும் படகு அவருடையது. மலாக்கா நீரிணையில் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று மழை பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் வரும். "மழை வந்தா ரேடார் திரை முழுக்கப் பொட்டுப் பொட்டா ஆயிடும்டா. குமிழைத் திருகினா மழை மறையும், கூடவே மீன்பிடிச் சம்பானும் மறைஞ்சிடும். நீ படிக்கிறதுல இதுக்கு வழி இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். என் இறுதியாண்டுத் திட்டப்பணியே அதுதான் என்று பெருமையாகச் சொன்னேன்.

ரேடார் தனக்குத் திரும்பி வரும் எதிரொலியைத் தூரவாரியாகச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தின் வலிமை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்கிறது. அலையும் மழையும்கூட எதிரொலிக்கும். துறையில் இதைக் 'கிளட்டர்' என்பார்கள். கிளட்டர் இடத்துக்கு இடம் மாறுவதால் வரம்பை ஒரே அளவில் நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே, சோதிக்கும் கட்டத்தின் இருபுறமும் உள்ள அண்டைக் கட்டங்களின் சராசரியை எடுத்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி வரம்பாக வைக்கும் முறையை ஃபின், ஜான்சன் இருவரும் 1968இல் விளக்கினர். பொய் எச்சரிக்கைகளின் விகிதம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 16 அண்டைக் கட்டங்கள் இருந்து, பத்து இலட்சத்தில் ஒன்றுதான் பொய்யாக இருக்கலாம் என்றால், அந்தப் பெருக்கும் எண் ஏறத்தாழ 22.

என் கணினிக் கடலில் இது அழகாக வேலை செய்தது. வரைபடம் பாடநூலில் உள்ளதைப் போலவே வந்தது. நல்ல புள்ளிகளும் கிடைத்தன. மாமாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல கப்பல் எங்கடா?" என்றார்.

கப்பல் இல்லை. மழையின் ஓரமும் இல்லை. என் கடல் முழுவதும் ஒரே சீரான கிளட்டர்தான்.

அன்றிரவு ஒரு கப்பலை வைத்துப் பார்த்தேன். கிளட்டரின் சராசரி வலிமை 1, சம்பானின் வலிமை 100 என்று கொள்வோம். வரம்பு 22 என்பதால் சம்பான் தெரிகிறது. அண்டைக் கட்டம் ஒன்றில் 1000 வலிமையுள்ள கப்பல் வந்தால், சராசரி 63ஐத் தாண்டி, வரம்பு 1,390 அளவுக்கு எகிறிவிடுகிறது. சம்பான் காணாமல் போகிறது! என் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு வகுப்பில் நாங்கள் மொத்தமே 11 பேர். ஒருவன் 98 வாங்கினால் வகுப்புச் சராசரி உயர்ந்து, மற்றவர்களுக்கு வீட்டில் ஏச்சு விழும். ஏறக்குறைய அதே கதைதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஜெர்மானியரான ரோலிங் 1983இல், சராசரியை விட்டுவிட்டு, அண்டைக் கட்டங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, முக்கால் பங்கில் நிற்பதை எடுக்கலாம் என்றார். பதினாறில் பன்னிரண்டாவதை எடுத்தால், ஒரு கட்டத்தில் கப்பல் இருந்தாலும் வரம்பு அதிகம் அசையாது. ஆனால், 300 மீட்டர் கப்பல் ரேடாரின் பார்வைத் திசையில் நீளவாக்கில் கிடந்தால்? 30 மீட்டர் கட்டங்களில் அது பத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்குக்கு மேல் கெட்டுப்போனால் பன்னிரண்டாவதும் கப்பல்தான். அப்போது இருபுறச் சராசரிகளில் சிறியதை எடுக்கும் முறை கைகொடுக்கும். ஆனால் அதே முறை மழை தொடங்கும் ஓரத்தில் பொய் எச்சரிக்கைகளைக் கொட்டும். பெரியதை எடுத்தால் அவை அடங்கும்; மழைக்குச் சற்று வெளியே நிற்கும் சம்பான் மறையும்.

ஆக, எந்த முறையைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் பிழையைச் சுமக்கிறார். திரையைப் பார்ப்பவர் பொய் எச்சரிக்கையால் அலுத்துப்போகலாம். அல்லது படகில் இருப்பவர் திரையில் தெரியாமலே போகலாம். இரண்டும் ஒரே அளவான தீங்கு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சீரான கடலின் வரைபடத்தை மட்டும் காட்டும் அறிக்கையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. என் அறிக்கையிலும் எழவில்லை, அதற்குத்தான் புள்ளிகள் கிடைத்தன.

அடிப்படையை முதலில் கற்க வேண்டும், சிக்கல் பிறகு வரட்டும் என்பார்கள் விரிவுரையாளர்கள். கற்பதற்கு அது சரி, மறுப்பதற்கில்லை. மதிப்பிடுவதற்குச் சரியன்று என்பதே என் கருத்து. நீரிணையில் சீரான கடல்தான் விதிவிலக்கு. கப்பலை ஒட்டிய சம்பான், மழையின் உள்ளோரம், வெளியோரம் ஆகிய மூன்று நிலைகளின் முடிவுகளும் இல்லாத திட்டப்பணிக்குத் துறை முழுப்புள்ளி தரக்கூடாது.

மறுபதிப்பில் அம்மூன்றையும் சேர்த்திருக்கிறேன். வரைபடங்கள் முன்போல அழகாக இல்லை. நீண்ட கப்பலுக்குப் பக்கத்தில் சம்பான் இன்னும் பல முறை மறைகிறது. அதையும் மாமாவிடம் காட்டினேன். "இது எங்க கடல் மாதிரி இருக்கு" என்றார்.