திருட்டு முழி

சென்ற வாரம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பெண்கள் பெட்டியில் எதிரே ஒரு மாமியாரும் மருமகளும். மருமகளின் கைப்பேசியில் அமெரிக்கப் போலீஸ் விசாரணைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்கப்படுகிறவன் மூக்கைத் தொட்டாலும் கையைக் கட்டினாலும், பொய் சொல்கிறான் என்று ஒரு குரல் வியாக்கியானம் செய்தது.

"திருட்டு முழிதான் தெரிகிறதே!" என்று தீர்ப்பளித்தார் மாமியார். பொன்னேரி வருவதற்குள் வழக்கே முடிந்துவிட்டது!

நாமும் அப்படித்தானே, நேயர்களே? வீட்டில் மோதிரம் காணாமற்போனால் வேலைக்காரியின் முகத்தைத்தானே முதலில் பார்க்கிறோம்?

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா? பாண்ட், டெபவுலோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அதுவரை நடந்த பரிசோதனைகளை 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 54 தடவைதான் ஜனங்கள் சரியாகச் சொன்னார்களாம். காசைச் சுண்டினாலே 50 கிடைக்குமே! பொய் பிடிப்பதே தொழிலாக உள்ளவர்களும் இதில் பிரமாதமாக ஒன்றும் தேறவில்லை.

விசாரணைக்கு ஒரு முறையே வகுத்துப் புகழ் பெற்றவர் ஜான் ரீட். 1955-ல் நெப்ராஸ்காவில், மனைவியைப் பறிகொடுத்த ஒரு வாலிபரை அவர் மணிக்கணக்கில் குடைந்தார். கொன்றது தானே என்று வாலிபர் ஒப்புக்கொண்டார். பிறகு மறுத்தும் பயனில்லை; ஆயுள் தண்டனை! கொன்றது தானே என்று வேறொரு கைதி எழுதி வைத்திருந்தது, அவன் இறந்த பிறகு 1988-ல் வெளிவந்தது. 2012-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. அதற்குள் வாலிபர் கிழவராகிவிட்டார்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றத்துக்கு ருசுவாகக் கொள்ளக்கூடாது என்று நம் சாட்சியச் சட்டம் 1872-லேயே சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதுச் சட்டமும், 23-ம் பிரிவில், அதையே சொல்கிறது. அந்த ஒப்புதலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைப் பற்றிய அளவுக்கு மட்டும் சாட்சியமாகும்.

காமிராவால் உபயோகமில்லை என்று சொல்லவில்லை. 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பக்கம் ஒரு சிறுமிக்குக் கொடுமை நேர்ந்தபோது, காமிராவில் பதிந்த உருவத்தை வைத்தே போலீஸார் தேடினார்கள். காமிரா உருவத்தைக் காட்டும், உள்ளத்தைக் காட்டாது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். சிப்காட் தொழிற்சாலைக்கு வந்தவன் போலிருக்கிறது, வடநாட்டுப் பையன் ஒருவன், டிக்கெட் பரிசோதகர் கேட்டது புரியாமல் விழித்துக்கொண்டு நின்றான்.

"பார்த்தாயா, இவனும் அதே முழி!" என்றார் மாமியார்.

பரிசோதகர் தம் கையிலிருந்த வேறொரு டிக்கெட்டைக் காட்டினார். பையன் சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினான்.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. மருமகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.