டர்போ காரில் ஊட்டி போறீங்களா? இன்ஜினை அணைக்கும் முன் 2 நிமிடம் பொறுங்க!

சனிக்கிழமை ராத்திரி சம்பளப் பட்டுவாடா முடித்து, ஞாயிறு காலை திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஒரு குடும்பம் ஊட்டிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாதம், கத்திரி வெயில். முன் சீட்டில் கணவன், மனைவி. பின்னால் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். டிக்கி நிறைய பைகள். அவினாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் தாண்டியாயிற்று. குன்னூர் மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி ஊர்கின்றன. ஏசி முழு வேகத்தில் ஓடுகிறது.

“ஏனுங்க, அந்த முள்ளு மேல ஏறிட்டே போகுதுங்களே...”

“புது வண்டிதானே, ஒண்ணும் ஆகாது. பேசாம வா.”

இந்த “ஒண்ணும் ஆகாது”தான் பல கார்களைப் பாதி மலையில் நிறுத்துகிறது. 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த நீலகிரி இ-பாஸை மறக்காமல் எடுக்கிறவர்கள்கூட, கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவை எட்டிப் பார்ப்பதில்லை. அதிலும் கார் டர்போ என்றால், கூடுதலாகச் சில விஷயங்களைக் கவனித்தே ஆக வேண்டும்.

சின்ன இன்ஜின், பெரிய வேலை

4 மீட்டருக்கு மிகாத நீளம், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜின் இருந்தால் நம் நாட்டில் காருக்கு வரி குறைவு. அதனால் கம்பெனிகள் இன்ஜினைச் சின்னதாக்கி, டர்போவைச் சேர்த்து சக்தியைக் கூட்டுகின்றன. 2019-ல் ஹூண்டாய் வென்யூ வந்தபோது, அதன் 1.2 லிட்டர் சாதாரண இன்ஜின் கொடுத்தது 83 பிஎஸ். 1.0 லிட்டர் டர்போ கொடுத்தது 120 பிஎஸ்.

இந்தக் கூடுதல் சக்தி வீணாகப் போகும் புகையிலிருந்து வருகிறது. சைலன்ஸருக்குப் போக வேண்டிய சூடான புகை, வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், சக்தியும் கூடும். சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை பெற்ற யோசனை இது.

சிக்கல் வெப்பத்தில்தான். பெட்ரோல் இன்ஜினில் முழு வேகத்தில் அந்தப் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். பல கார்களில் டர்போவைச் சுற்றி கூலன்ட்டும் ஓடுகிறது. ஆக ஆயில், கூலன்ட் இரண்டில் எது குறைந்தாலும் டர்போவுக்கு ஆபத்து.

வெயில் என்ன செய்கிறது?

“இன்ஜினுக்குள்ளே அவ்வளவு சூடு இருக்கும்போது, வெளியே 40 டிகிரி எல்லாம் ஒரு கணக்கா?” என்று தோன்றலாம். கணக்குதான். ரேடியேட்டரில் கூலன்ட் சுமார் 95 டிகிரியில் ஓடுகிறது. வெளியே 30 டிகிரி என்றால் வித்தியாசம் 65. வெளியே 42 டிகிரி என்றால் வித்தியாசம் 53 மட்டுமே. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரேடியேட்டர் வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெயில் ஏறினால், அதன் திறனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கிறது. ஏசி ஓடும்போது, காரின் உள்ளே இருந்து எடுத்த சூட்டை அது வெளியே தள்ளும். ரேடியேட்டருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று. வண்டி ஊர்ந்து போனால் எதிர்க்காற்றும் இல்லை, ஃபேன்தான் கதி.

டர்போ அழுத்திய காற்றும் 100 டிகிரிக்கு மேல் சூடாகும். அதை ஆற வைப்பது இன்டர்கூலர். அதுவும் சூடேறினால் காரின் கம்ப்யூட்டர் இன்ஜினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். மதிய வெயிலில் “வண்டி இழுக்கலையே” என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாய்லருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

பனியன் கம்பெனி அயர்னிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பாய்லருக்குள் போர் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. உப்பு படிந்து குழாய் அடைக்கும் என்பதால் சாஃப்ட்னர் வைத்து, தண்ணீரை மென்மையாக்கித்தான் விடுவார்கள். அதே ஊரில், கார் சூடானதும் பக்கத்து வீட்டுக் குழாயில் பிடித்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். ரேடியேட்டருக்குள்ளும் டர்போவைச் சுற்றியும் ஓடும் வழிகள் பாய்லர் குழாயைவிடக் குறுகலானவை.

கூலன்ட் என்பது கலர் தண்ணீர் அல்ல. எத்திலீன் கிளைக்கால், துருவைத் தடுக்கும் மருந்துகள், உப்பு நீக்கிய தண்ணீர் ஆகியவற்றின் கலவை அது. கொதிநிலையையும் உயர்த்தும். ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன வகையை மட்டும் ஊற்றுங்கள். பச்சையும் பிங்க்கும் கலக்க வேண்டாம். நிறம் ஒன்றாக இருந்தாலும் வகை ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வழியில் வேறு வழியே இல்லை என்றால் டிஸ்டில்டு வாட்டர், அதுவும் கிடைக்காவிட்டால் பாட்டில் குடிநீர். ஊர் திரும்பியதும் சர்வீஸில் சொல்லி கூலன்ட்டை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

பஞ்சுத் தூசியையும் கவனியுங்கள். நிட்டிங் மெஷின் மேல் பஞ்சு படியாமல் இருக்க ஃபேன் சுற்றவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் வாசலில் நிற்கும் காரின் கண்டென்சர், ரேடியேட்டர் இடுக்குகளிலும் தூசி சேரத்தான் செய்யும். சர்வீஸ் விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், கவனம்.

அணைத்த பிறகு ஏறும் சூடு

மலை ஏறி முடித்து, வியூ பாயின்ட்டைப் பார்த்ததும் பட்டென்று சாவியைத் திருப்புகிறோம். இன்ஜின் நிற்கிறது, ஆயில் பம்ப்பும் நிற்கிறது. ஆனால் டர்போவின் இரும்பு இன்னும் கொதிக்கிறது. அதற்குள் தங்கிய ஆயில் நகர வழியில்லாமல் வெந்து, கரியாகப் படிகிறது. ஒரே நாளில் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் இதே பழக்கம் தொடர்ந்தால் ஆயில் போகும் வழி அடைத்து, டர்போ போய்விடும்.

அதனால் நீண்ட ஏற்றம் அல்லது வேகமான ஹைவே ஓட்டத்துக்குப் பிறகு, வண்டியை நிறுத்தியதும் 1 முதல் 2 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். கடைசி 2 கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலும் போதும். ராயபுரத்திலிருந்து காதர்பேட்டை வரை டிராஃபிக்கில் ஊர்ந்து போய் நிறுத்துவதற்கு இது தேவையில்லை.

“காரை அணைத்த பிறகும் ஃபேன் ஓடுதே, பேட்டரி தீர்ந்திடுமா?” என்பது பலரது பயம். சில கார்களில் ஃபேனும் எலெக்ட்ரிக் தண்ணீர் பம்ப்பும் கொஞ்ச நேரம் ஓடி, டர்போவை ஆற வைக்கும். அதன்பின் தானாகவே நின்றுவிடும்.

ஆயிலையும் தள்ளிப்போடாதீர்கள். மேனுவலில் சொன்ன கிரேடு, சொன்ன கிலோமீட்டர் அல்லது சொன்ன மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. இன்ஜின் சூடேறித் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்க்கில் ஊற்ற வேண்டும். அதற்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று அட்டகாசமான பெயர் வேறு. ஆனால் பலர் அந்த டேங்க்கை நிரப்ப மறந்தார்கள். புகார்கள் குவிய, அடுத்த ஆண்டோடு கார் நின்றுபோனது. பல கார்களில் டர்போவையே கழற்றினார்கள்.

முள் சிவப்பைத் தொட்டால்...

* ஏசியை அணையுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, ஹீட்டரை முழுதாகத் திறங்கள். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுக்கும்.

* பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ, கூலன்ட் ஒழுகினாலோ, ஃபேன் சுற்றாவிட்டாலோ உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். 2 நிமிட ஐடில் விதி இங்கே பொருந்தாது.

* இவை எதுவும் இல்லை என்றால் ஐடிலில் விட்டுப் பாருங்கள். முள் இறங்காவிட்டால் அணைத்துவிடுங்கள்.

* மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் கூலன்ட், மூடி கழன்றதும் முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள்.

* சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்பு விரிசல் விடும்.

* முள் இல்லாமல் நீல, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார்களில் சிவப்பு எரிந்தால் தாமதமே கூடாது. “பக்கத்து ஊர் வரை ஓட்டிடலாம்” என்று போனால் ஹெட் கேஸ்கெட் போகும். கார் லோன் பாதி பாக்கி இருக்கும்போதே இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஏறும்போது உயர் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், 2 அல்லது 3-ம் கியரில் போங்கள். பர்லியாறில் ஒரு டீ குடியுங்கள், காரும் ஆறட்டும். முடிந்தால் விடியும் முன்பே ராயபுரத்திலிருந்து கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், பக்கத்து சீட்டிலிருந்து “ஏனுங்க, முள்ளு ஏறுதுங்க” என்று குரல் வந்தால், முதலில் முள்ளைப் பாருங்கள்!