புறங்கைக்கு ஊசி, உள்ளங்கைக்கு?

கை கிழடு தட்டுவது கவனக்குறைவாம், நண்பர் ஒருவர் சொல்கிறார். ஊசி போட்டால் சரியாகிவிடுமாம். இலங்கையின் ஊவாப் பகுதியில், பசறை, ஹப்புத்தளை மலைகளில் தேயிலைக் கொழுந்து பறிப்பவரிடம் அவர் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். அமெரிக்கா 2015இல் கைக்கென அனுமதித்த நிரப்பு ஊசி, வற்றிய புறங்கையைக் கொஞ்ச காலம் மேடாக்கும், அவ்வளவுதான். ஊவாத் தேயிலைக்கு மணம் தருவதாக உலகம் புகழும் அதே வறண்ட காற்றும், வெயிலும், கொழுந்துக் கறையும் விரல் நுனியில் போடும் வெடிப்புக்கு அதில் மருந்தில்லை. அழகு வேண்டாமென்று சொல்லவில்லை; தோட்டத்துப் பெண்ணுக்கும் மருதாணி பிடிக்கும். ஆனால் 2024 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்சம்பளமே 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அப்படிப்பட்ட சம்பளத்தில் எந்த ஊசி வாங்குவது? முதலில் தோட்ட நிர்வாகம் கையுறையும் களிம்பும் கொடுக்கட்டும். கவனக்குறைவு யாருடையது என்று பிறகு பேசுவோம்.