சுலபமான கண்ணீர்

டாம் டெய்லர் எழுதிய 'டிக்கெட் ஆஃப் லீவ் மேன்' நாடகம் 1863-ல் லண்டனில் அரங்கேறி, 400 தடவைக்கு மேல் நடந்தது. தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையின் பேரில் சீட்டுக் கொடுத்து வெளியே விடப்பட்ட கைதிதான் கதாநாயகன். பழைய ஜெயில் வாசம் அம்பலமானதும் அவன் உத்தியோகம் போகிறது. சபையோர் கண்ணீர் விட்டார்கள்.

விடட்டும், என் ஆட்சேபம் அதற்கல்ல. அந்த பாப் பிரையர்லி குற்றமே செய்யாதவன்! யாரோ கொடுத்த கள்ள நோட்டை அறியாமல் மாற்றப்போய் அகப்பட்டவன். நிரபராதிக்காக அழுவதில் என்ன சிரமம்?

இதே நாடகம் ஆஸ்திரேலியக் காலனிகளுக்கும் போயிற்று. அந்தச் சீட்டு முறையே 1801-ல் அங்கே நியூ சௌத் வேல்ஸில் பிறந்ததுதான். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிக் கப்பல்கள் போவது 1868-ல்தான் நின்றது. மெய்யாகவே திருடி, தண்டனையும் அனுபவித்து, மறுபடி மனிதனாக வாழ முயன்றவர்களின் பிள்ளைகள் அந்தக் கொட்டகைகளில் உட்கார்ந்திருக்க மாட்டார்களா? அவர்களுக்கு நாடகம் என்ன சொல்லிற்று? 'உன் அப்பன் திருடாதிருந்தால் அவனுக்காகவும் அழுதிருப்போம்' என்றுதானே!

கதை எழுதுகிற நாங்கள் மட்டும் யோக்கியர்களா? கதாநாயகன் கையில் கறை படாமல் பார்த்துக்கொள்கிறோம். வாசகர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற பயம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். உண்மையில் திருடியவன் திருந்தி வந்து உங்கள் வாசலில் வேலை கேட்டால் கொடுப்பீர்களா? அதைக் கேட்கத் துணியாத நாடகம் எத்தனை நாள் நடந்தால்தான் என்ன?