‘கலக்கு’ என்று சொன்ன பேராசிரியர்



இந்த மாதம் நான் எழுதப்போவது நம் பாடப்புத்தகத்தில் படம் போட்டு, பிறப்பு-இறப்பு-இயற்றிய நூல்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும் கவிஞரைப் பற்றி அல்ல. பேராசிரியர் பசுபதி என்று ஒருவர். கனடா நாட்டில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர். 2023-ல் மறைந்தார். நம் பள்ளியில் அவர் பெயர் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்ப் பேராசிரியர் என்று நினைத்தீர்களா? இல்லை. மின்பொறியியல்! சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி, அப்புறம் ஐ.ஐ.டி., அதன்பின் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று படித்தவர். செய்தித் தொடர்பு, அதாவது 0, 1 என்ற குறிகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கெடாமல் அனுப்புவது எப்படி என்பது அவர் துறை. அந்தத் துறையின் பன்னாட்டு இதழிலேயே ‘லைட் டிராஃபிக்’ என்ற தலைப்பில் நகைச்சுவைப் பத்தியும் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் மரபுக்கவிதை எழுதுவது எப்படி என்று பாடம் பாடமாக, பயிற்சிகளோடு ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயர் ‘கவிதை இயற்றிக் கலக்கு’.

பெயரைப் பார்த்தால் சிரிப்பு வருதுல்ல? யாப்பிலக்கணப் புத்தகம் என்றால் ‘யாப்பருங்கலக்காரிகை’ மாதிரி பெயர் இருக்கும் என்றுதானே நினைப்போம். காரிகை படித்துக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று பழமொழியே உண்டு. அவ்வளவு பயம்! இவரோ நாம் கிரவுண்டில் கத்துகிற “கலக்குடா மச்சான்” என்ற சொல்லை எடுத்துத் தலைப்பில் வைத்துவிட்டார்.

ஆனால் விளையாட்டுப் பெயர் என்று விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் செய்த மாதிரி அலகிட்டுப் பாருங்கள். கவி/தை - நிரை நேர் - புளிமா. இயற்/றிக் - நிரை நேர் - புளிமா. கலக்/கு - பிறப்பு. மா முன் நிரை இரண்டு இடத்திலும் சரியாக வருகிறது. முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் ‘க’ மோனை. அதாவது, புத்தகத்தின் பெயரே ஒரு வெண்பாவின் ஈற்றடி! இது தற்செயலாக அமைந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அட்டையைத் திருப்புவதற்கு முன்பே முதல் பாடம் ஆரம்பித்துவிடுகிறது.

இப்போது நம் வகுப்புக்கு வருவோம். (தமிழ் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது!) யாப்பை நாம் எதற்குப் படிக்கிறோம்? ‘அலகிட்டு வாய்பாடு எழுதுக’ என்ற ஒரு கேள்விக்கு. குறளைக் கொடுப்பார்கள், நாம் கோடு போட்டுப் பிரித்து, தேமா, கூவிளங்காய் என்று எழுதிவிட்டு மார்க் வாங்கிக்கொள்வோம். கணக்கு மாதிரி, மார்க் உறுதி. அத்தோடு சரி. வெண்பாவுக்கு இவ்வளவு இலக்கணம் படித்துவிட்டு, ஒரே ஒரு வெண்பாகூட எழுதாமல் பள்ளியை விட்டுப் போகப்போகிறோம். தையல் வகுப்பில் ஒரு சட்டையைப் பிரித்துக் காட்டி, “இது காலர், இது கை, இது பட்டன் பட்டி” என்று சொல்லிக்கொடுத்து, கடைசிவரை ஊசியைக் கையில் தராவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. பசுபதி ஊசியைக் கையில் கொடுத்தவர். எழுதிப் பார், தட்டுதா, மாற்றிப் பார் என்று சொன்னவர்.

பொறியாளருக்கு யாப்பு ஏன் பிடித்திருக்கும் என்று யோசித்தேன். இனி வருவது என் சொந்த யோசனை. அசை இரண்டே வகை: நேர், நிரை. கணினி அறிவியல் படிக்கிறவர்கள் உடனே 0, 1 என்பார்கள். ஓரசைச் சீர் 2. ஈரசைச் சீர் 4. மூவசைச் சீர் 8. நாலசைச் சீர் 16. பைனரிப் பாடத்தில் பார்த்த அதே எண்கள்! கம்ப்யூட்டர் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணக்காரர்கள் இந்த வாய்பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். (உடனே ‘எல்லாம் தமிழன் கண்டுபிடித்தான்’ என்று கிளம்பிவிடாதீர்கள், நான் அதைச் சொல்லவில்லை.)

அவர் 1979-ல் ‘மினிமம் ஷிஃப்ட் கீயிங்’ என்ற முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். 2ஜி செல்போன்களில் பயன்பட்டது இந்த முறையின் ஒரு வகைதான். இயற்பியல் சாரிடம் இது என்ன என்று கேட்டேன். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குப் போகும்போது அலை வெடுக்கென்று குதிக்காமல் தொடர்ச்சியாகப் போகும், அதுதான் விசேஷம் என்று போர்டில் வரைந்து காட்டினார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது தளை! வெண்பாவில் ஒரு சீர் எப்படி இருக்கிறது என்பதைவிட, அது முடிந்து அடுத்த சீர் எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் ஓசையே இருக்கிறது. இரண்டு வேலையிலும் அவர் கவனித்தது சந்திப்பைத்தான்.

தளையால் இன்னொரு லாபமும் உண்டு. ஓலைச்சுவடியில் ஓர் எழுத்து விட்டுப்போனாலோ, ஏடு எழுதியவர் சொல்லை மாற்றிவிட்டாலோ, தளை தட்டும். அதை வைத்தே பிழை இருக்கும் இடத்தைப் பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்கள். செய்தியோடு சேர்த்து அதைச் சரிபார்க்கும் கருவியையும் அனுப்பிவிட்ட மாதிரி.

சும்மா பேசிக்கொண்டே இருந்தால் “நீ ஒண்ணு எழுதேன் பார்க்கலாம்” என்று கேட்பீர்கள். இதோ, இந்தச் சுவர் இதழைப் பற்றி நான் கட்டிய குறள் வெண்பா:

சுவரில் ஒருதாளைச் சும்மாவா வைத்தோம்
எவரும் படிக்க எழுத்து.

பெரிய கவிதை இல்லைதான். ஆனால் தளை தட்டாது. இரண்டாம் எழுத்து ‘வ’ எதுகை. இரண்டு அடியிலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் மோனை. ஒரு சோதனை செய்யுங்கள். ‘படிக்க’ என்பதை நாம் பேசுகிற மாதிரி ‘படிக்கணும்’ என்று மாற்றிப் படியுங்கள். படிக்/கணும் - கருவிளம். விளம் முன் நேர் வரவேண்டும். ‘எழுத்து’ நிரையில் தொடங்குகிறது. போச்சு! வாயால் சொல்லிப் பார்த்தாலே வண்டி கல்லில் ஏறி இறங்கின மாதிரி இருக்கும். அந்த இடத்தைக் காது கண்டுபிடிக்கிறதே, அந்தப் பழக்கம் கோடு போட்டு மார்க் வாங்கினால் வராது. நாமே கட்டினால்தான் வரும்.

புதுக்கவிதை எழுதும் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் புதுக்கவிதைக்கு எதிரி இல்லை. நல்ல புதுக்கவிதை நாலு வரியில் ஆளை அடித்துப்போட்டுவிடும். ஆனால் இந்தச் சுவர் இதழுக்கு வந்து சேருகிற ‘கவிதை’களை நினைத்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை எழுதி, அதை நாலாக உடைத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, கடைசியில் மூன்று புள்ளி வைத்தால் முடிந்தது. அந்த மூன்று புள்ளிக்குப் பயந்தே நம் ஆசிரியர் குழு கவிதைப் பகுதியைச் சின்னதாக்கிவிட்டது! மரபிலும் குப்பை உண்டு. சீர் குறைகிறதே என்று ‘அரோ’, ‘மாதோ’ போட்டு ரொப்பியவர்கள் ஏராளம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மரபில் பயிற்சி பெற்றவன் ஒரு சொல்லை வைக்குமுன் மூன்று சொல்லை எடுத்துப் போட்டுப் பார்த்திருப்பான். அப்புறம் அவன் புதுக்கவிதை எழுதப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே போகும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. “நீ மேத்ஸ் குரூப்தானே, உனக்குத் தமிழ் எதுக்கு? பாஸ் மார்க் போதும்” என்று நம் வீடுகளிலும் தெருவிலும் சொல்கிறார்கள். பத்தாவதோடு தமிழ் ஆசை பாதிப் பேருக்குப் போய்விடுகிறது. அப்படிச் சொல்கிறவர்களிடம் நான் பசுபதியின் பெயரைச் சொல்கிறேன். மின்பொறியியல் நடத்தியவர், சங்கப் பாடல்களைப் பற்றி ‘சங்கச் சுரங்கம்’ எழுதியவர், பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் படங்களையும் கட்டுரைகளையும் தேடித்தேடிச் சேர்த்து எல்லோருக்கும் காட்டியவர், எல்லாம் ஒரே ஆள்தான்.

தலைமையாசிரியருக்கும் இலக்கிய மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். மன்றக் கவிதைப் போட்டியில் ‘குறள் வெண்பா’ என்று ஒரு பிரிவு வையுங்கள். ஏழே சீர். அரை மணி நேரம் போதும். பரிசு பேனாவாக இருந்தாலும் பரவாயில்லை.

அதுவரை நாமே தொடங்குவோம். ஈற்றடி நான் தருகிறேன்:

மணியடித்தால் ஓடும் மனசு.

முதலடி உங்களுடையது. நாலு சீர். நாலாவது சீர் மாச்சீராக முடிய வேண்டும். எதுகைக்கு ‘ணி’: பணி, துணி, கணினி என்று எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். எழுதிய தாளை வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் ஐயா மேசையில் வையுங்கள். தளை தட்டாத எல்லாவற்றையும் அடுத்த இதழில் என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டுகிறேன்.

- பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு