போதனாவின் வயதை எண்ணியது போதும், ஆட்டத்தைப் பாருங்கோ

"உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர், எங்கட லண்டன் தமிழ்ச் சிறுமி!" நான் இருக்கிற நாலு வட்ஸ்அப் குழுக்களில் நாலிலுமே இந்தச் செய்தி வந்து விழுந்தது. படத்தில் இருந்தது போதனா சிவானந்தன்தான். ஆனால் செய்தி பிழை. ஹரோவில் வளரும் போதனா கிராண்ட்மாஸ்டர் அல்ல. கிராண்ட்மாஸ்டர் ஒருவரைத் தோற்கடித்த, உலகிலேயே வயது குறைந்த பெண்பிள்ளை. இரண்டும் ஒன்றில்லை.

நடந்தது இதுதான். 2025 ஆகஸ்ட் 10, லிவர்பூல் சென்ட் ஜோர்ஜ் மண்டபம், பிரித்தானிய சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று. எதிரே இருந்தவர் 60 வயது கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸ். போதனாவுக்கு அன்றைக்கு 10 வயது 5 மாதம் 3 நாள். அமெரிக்காவின் கரிசா யிப் 2014இல் இதே சாதனையைச் செய்தபோது வயது 10 வருடம் 11 மாதம் 20 நாள். அந்தப் போட்டியோடு போதனாவுக்குப் பெண்கள் சர்வதேச மாஸ்டர் பட்டமும் வந்தது.

பட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், ஏனென்றால் குழப்பமே அதில்தான் தொடங்குகிறது. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங் வேணும், அதோடு பலமான போட்டிகளில் மூன்று தடவை "நோர்ம்" எடுக்கவேணும். பெண்கள் கிராண்ட்மாஸ்டர் என்பது வேறு பட்டம், அதற்கு 2300 போதும். பொதுவான சர்வதேச மாஸ்டர் பட்டத்துக்கே 2400 தேவை. அதாவது பெண்களுக்கான உச்சப் பட்டம், எல்லாருக்குமான இரண்டாம் பட்டத்தை விடத் தாழ்ந்தது. ஹங்கேரியின் ஜூடிட் போல்கர் பெண்களுக்கான உலகப் பட்டத்துக்குப் போட்டியிடவே இல்லை. 1991இல் 15 வயதில் பொபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து நேரே கிராண்ட்மாஸ்டர் ஆனார், பிறகு உலகின் முதல் பத்துப் பேருக்குள்ளும் வந்தார். எங்கட பெண்பிள்ளைகளுக்கு இலக்கு காட்டுகிறவர்கள் எந்தப் பட்டத்தைக் காட்டுகிறோம் என்று தெரிந்து காட்டினால் நல்லது.

போதனா ஆர்ட பிள்ளை என்ற கேள்வியும் ஒரு குழுவில் ஓடியது. யாழ்ப்பாணமா, வன்னியா என்று ஒருவர் கேட்டார். பெற்றோர் திருச்சிப் பக்கம் என்று தெரிந்ததும் அந்தக் குழுவில் ஆரவாரம் கொஞ்சம் இறங்கியதை நான் கவனித்தேன். என்ன செய்யிறது, எங்கட புத்தி அப்படி.

பிள்ளை செஸ் பழகிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2020 கொரோனா முடக்கக் காலம், வயது ஐந்து. தகப்பனின் நண்பர் ஒருவர் இந்தியாவுக்குத் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களுக்குள் ஒரு செஸ் பலகை இருந்தது. காய்களை விளையாட்டுச் சாமானாக வைத்திருக்கத்தான் பிள்ளை ஆசைப்பட்டது. தாயும் தகப்பனும் செஸ்காரர் இல்லை. இரண்டு வருடத்தில், 2022இல், எட்டு வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான உலகப் பட்டங்கள் மூன்றும், அதாவது கிளாசிக்கல், ரப்பிட், பிளிட்ஸ், அவரிடம் வந்துவிட்டன. 2023 டிசம்பரில் சாக்ரெப் நகரில் நடந்த ஐரோப்பிய பிளிட்ஸ் போட்டியில் 13க்கு 8.5 புள்ளி எடுத்து, வளர்ந்த பெண்கள் எல்லாரையும் தாண்டிச் சிறந்த பெண் ஆட்டக்காரர் பரிசை வாங்கினார். அப்போது வயது எட்டு.

இவ்வளவும் எல்லா ஊடகத்திலும் வந்துவிட்டது. அவர் எப்படி ஆடுகிறார் என்பதைத்தான் எங்கட ஆட்கள் கதைக்கிறதில்லை.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் பொதுவாக அவசரமானது. ராணியை நேரத்துக்கு முன்னமே வெளியே இழுத்து, நாலு நகர்வில் செக்மேட் வைக்கப் பார்ப்பார்கள். போதனாவின் ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பலகையில் ஆறுதலாக வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது வேறு. காய்களை நல்ல கட்டங்களில் கொண்டுபோய் வைக்கிறார். ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போனாலும் பதறுவதில்லை. பலகையில் காய் குறையக் குறைய அவர் பலமாகிறார். செஸ்ஸில் இறுதிக்கட்டம் என்பது பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு. ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகரும், ராஜா மெல்ல நடந்து நடுவுக்கு வருவார். அந்தச் சலிப்புக்குள்தான் அனுபவசாலிகள் புள்ளி எடுப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை அந்த இடத்தில் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறதுதான் எனக்கு அதிசயம்.

இன்னொன்றும் இருக்கிறது. எதிரே இருக்கிற பெரியவருக்கு ஒரு பிள்ளையோடு ஆட்டத்தைச் சமன் செய்ய மனம் வராது. வெல்லவேணும் என்று கொஞ்சம் கூடுதலாக இழுப்பார். அப்படி இழுக்கிறவரைக் காத்திருந்து பிடிக்கிறதும் ஒரு திறமைதான். 2025 ஒக்டோபரில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் நடந்த ஐரோப்பியக் கழகங்களுக்கான போட்டியில் மரியா முசிச்சுக்கையும் போதனா வென்றார். முசிச்சுக் உலகப் பெண்கள் பட்டம் வென்ற வருடம் 2015. போதனா பிறந்ததும் அதே வருடம்தான்.

இப்போது அந்த "மிக இளைய" என்ற சொல்லுக்கு வருவோம். சென்னையின் குகேஷ் 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 வருடம் 7 மாதம் 17 நாள். செர்கேய் கர்யாகினின் உலக சாதனையை 17 நாளால் தவறவிட்டார். அந்தப் 17 நாளைப் பற்றி அப்போது எவ்வளவு எழுதினார்கள்! பிறகு 2021இல் அமெரிக்காவின் அபிமன்யு மிஸ்ரா கர்யாகினின் சாதனையையும் முறியடித்துவிட்டார். ஆனால் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர் அந்த 17 நாள் பிந்திய பெடியன்தான்.

அந்தக் கடைசி ஆட்டமும் பொறுமையின் ஆட்டம். குகேஷிடம் ஒரேயொரு சிப்பாய் கூட. பார்த்த நிபுணர்கள் எல்லாரும் சமநிலை என்றார்கள். அவர் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்வில் டிங் லிரென் யானையைப் பிழையான கட்டத்தில் வைத்தார், கதை முடிந்தது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கணினி இயந்திரத்தைத் தொடவே விடவில்லை. முதலில் மண்டையால் கணக்குப் போடப் பழகட்டும் என்று விட்டார். எங்கட பெற்றோர் எத்தனை பேர் இதற்குச் சம்மதிப்போம்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. லிவர்பூல் செய்தி வந்த பிறகு, எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நல்ல கோச் ஆர், மணித்தியாலத்துக்கு எவ்வளவு?" லெவன் பிளஸ் ரியூஷன், வயலின், பரதம், நீச்சல், இப்போது செஸ். ஒரு தகப்பன் மகனின் வயதையும் ரேட்டிங்கையும் போதனாவோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பெடியனுக்கு வயது ஏழு. தோற்றுவிட்டு காரில் ஏறப் பயப்படுகிறான் என்று தாய் சொன்னார்.

நான் கோச் வைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கட்டத்துக்கு மேலே கோச் இல்லாமல் முடியாது, காசு இல்லாமலும் முடியாது. வெளிநாட்டுப் போட்டி என்றால் விமானம், ஹோட்டல், தாய் அல்லது தகப்பனுக்கு வேலையில் லீவு. இந்த நாட்டில் இன்னொரு வேடிக்கை. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டுக்கு ஒன்பது வயதில் போனபோது, எந்த விளையாட்டிலும் இங்கிலாந்துக்காக ஆடிய மிக இளையவர் போதனாதான் என்று ஊடகங்கள் எழுதின. ஆனால் செஸ் இங்கே அதிகாரபூர்வமாக விளையாட்டாகவே அங்கீகரிக்கப்படுவதில்லை. ஆகவே மற்ற விளையாட்டுகளுக்குப் போகிற நிதி இதற்குப் போகாது. 2023இல் ரிஷி சுனக் அரசு பத்து லட்சம் பவுண் தருவதாக அறிவித்தது. அதில் பாதி ஆங்கில செஸ் சம்மேளனத்துக்கு, மிச்சத்தில் பூங்காக்களுக்கு 100 செஸ் மேசையும் அடக்கம். ஒன்றுமில்லாததுக்கு இது பரவாயில்லை. முழு நாட்டுக்கும் என்று பார்த்தால் சொற்பம்தான்.

வூலிச்சில் வளர்ந்த ஷ்ரேயாஸ் ரோயலின் கதையை நாங்கள் மறக்கக்கூடாது. தமிழ்ப் பிள்ளை இல்லை, ஆனால் எங்களுக்கு நன்றாக விளங்குகிற கதை. மூன்று வயதில் இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை. 2018இல் தகப்பனின் வேலை விசா முடிய, ஒன்பது வயதில் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டிய நிலை. எம்.பி.க்கள் எழுதி, செய்தித்தாள்கள் எழுதி, கடைசியில் உள்துறை அமைச்சர் தலையிட்டுத்தான் தங்க முடிந்தது. ஆறு வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், 15 வயதில் அவர் பிரித்தானிய வரலாற்றின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் ஆனார். விசா மறுக்கப்பட்டுத் திரும்பிப்போன பிள்ளைகளில் எத்தனை ஷ்ரேயாஸ் இருந்தார்கள் என்று ஆர் கணக்கெடுத்தது?

சென்னை எப்படிச் சென்னை ஆனது என்பதையும் பாருங்கோ. 1972இல் சோவியத் கலாசார மையத்தில் மனுவல் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கழகம், அங்கே சிறுவனாகப் போய் ஆடிய விஸ்வநாதன் ஆனந்த், 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனது, பிறகு ஆர்.பி. ரமேஷ் போன்றவர்களின் பயிற்சிக்கூடங்கள், பிரக்ஞானந்தா, வைஷாலி, குகேஷ். ஒரு கழகத்திலிருந்து ஒரு உலக சாம்பியனுக்கு ஐம்பது வருடம். தொடக்கத்தில் அங்கே இருந்தது ஒரு அறை, சில பலகைகள், வந்தால் ஆடலாம் என்ற ஒரு ஏற்பாடு.

எங்களிடம் அறைக்கா பஞ்சம்? லண்டன் முழுக்கச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருக்கால் கலைவிழாவுக்கு ஹோல் எடுத்து, சாப்பாடும் போட்டுச் செலவழிக்கிற காசில் பத்துப் பலகையும் பத்துச் செஸ் கடிகாரமும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் வந்து கூட்டிப்போகும் வரை ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் சும்மா ஓடித் திரிகிறார்கள்தானே. அந்த நேரத்தில் பலகையை விரித்து வைத்தால் போதும். கட்டணம் வேண்டாம். வருகிற பிள்ளைகளுக்கு வயதுப் பிரிவும் வேண்டாம், ஏழு வயதுப் பிள்ளை எழுபது வயதுத் தாத்தாவோடு ஆடட்டும். எங்கட ஊரில் வாசிகசாலைத் திண்ணையில் அப்படித்தான் ஆடினார்கள். பெண்பிள்ளைகளுக்குச் சமமாக இடம் வேணும், பரதம் இருக்கென்று பாதியில் எழுப்பிக்கொண்டு போகக்கூடாது.

ஒரு விதி மட்டும் கட்டாயம் வைக்கவேணும். சிறுவர் போட்டிகளில் வழமையாக இருக்கிற விதிதான் அது: ஆட்டம் நடக்கும்போது தாய் தகப்பன் கதவுக்கு வெளியே.